பால்டிமோரின் ஏழு வகுப்புகள்: மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைக்க வழி உண்டா?

பின்வரிசை (விவாத இழையைத் தொடங்கியவர்)

நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வைரஸ் வகைப்பாடு என்றொரு பாடம் வந்து உயிரை வாங்குகிறது. புத்தகத்தில் பால்டிமோர் என்பவர் போட்ட ஓர் அட்டவணை, ஏழு வரிசை. இரட்டை இழை டி.என்.ஏ., ஒற்றை இழை டி.என்.ஏ., இரட்டை இழை ஆர்.என்.ஏ., கூட்டல் ஆர்.என்.ஏ., கழித்தல் ஆர்.என்.ஏ., கடைசி இரண்டும் ‘தலைகீழ்’ சமாச்சாரம். நேற்று இரவு ஒப்பித்தேன். காலையில் எழுந்தால் மூன்றும் ஐந்தும் இடம் மாறிக் கிடக்கின்றன.

என் சந்தேகங்கள். கூட்டல், கழித்தல் என்றால் என்ன? மின்னூட்டமா? உள்ளே இருப்பது ஒற்றை இழையா இரட்டை இழையா என்பதை வைத்து எதற்குப் பிரிக்க வேண்டும்? கம்பி மாதிரி, பந்து மாதிரி, தோட்டா மாதிரி என்று உருவத்தை வைத்துப் பிரித்தால் படம் பார்த்தே படித்துவிடலாமே!

ஏன்எதற்கு

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். ஏழு வகுப்புக்கும் முதலெழுத்து வைத்து ஒரு வாசகம் செய்தேன். தேர்வில் வாசகம் நன்றாக நினைவிருந்தது, எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதுதான் மறந்துவிட்டது. யாராவது தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஆய்வகப்பூனை

தம்பி, அட்டவணையைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். கூட்டல், கழித்தல் மின்னூட்டம் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயம். எந்த வைரஸுக்கும் சொந்தமாக ரைபோசோம் கிடையாது. புரதம் செய்ய ரைபோசோம் வேண்டும். ரைபோசோம் படிப்பது ஒரே மொழிதான், தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதத்துக்கான செய்முறைக் குறிப்பு. ஆகவே ஒரு வைரஸ் உள்ளே என்ன வைத்திருந்தாலும் சரி, செல்லுக்குள் போனதும் எப்படியாவது ஒரு தூது ஆர்.என்.ஏ.வைச் செல்லின் ரைபோசோமிடம் நீட்டியாக வேண்டும். அடுத்தவர் அச்சகத்தில் தன் நோட்டீஸை அடித்துக்கொள்ள வருகிறவர் மாதிரி. கையில் கொண்டு வருவது ஓலையா, காகிதமா, கண்ணாடியில் தெரிகிற எழுத்தா என்பது வேறு வேறாக இருக்கலாம். அச்சகத்துக்கு வேண்டியது அது படிக்கக்கூடிய பிரதி.

வைரஸ் ஆய்வாளர் டேவிட் பால்டிமோர் 1971-இல் கேட்ட கேள்வி இதுதான்: ‘உன்னிடம் இருப்பதிலிருந்து தூது ஆர்.என்.ஏ.வுக்கு எப்படிப் போவாய்?’ அந்த அட்டவணை வைரஸ்களின் பட்டியல் இல்லை, வழிகளின் பட்டியல். ஒவ்வொரு வரிசையும் ஒரு பாதை. எல்லாப் பாதையும் முடிகிற இடம் ஒன்று.

இப்போது கூட்டல், கழித்தல். ரைபோசோம் நேரடியாகப் படிக்கக்கூடிய இழைக்குக் கூட்டல் என்று பெயர் வைத்தார்கள். தூது ஆர்.என்.ஏ. எப்போதும் கூட்டல். அதன் எதிரிணை, அதாவது அதை அச்சாக வைத்து எடுத்த மறு இழை, கழித்தல். அவ்வளவுதான். முத்திரையில் எழுத்து தலைகீழாக இருக்குமே, அது கழித்தல். தாளில் பதிந்தது கூட்டல்.

பின்வரிசை

இது எங்கள் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. சரி, அப்படியானால் போலியோ கூட்டல் ஆர்.என்.ஏ. என்கிறார்கள். அது உள்ளே போனவுடன் நேராக ரைபோசோமில் உட்கார்ந்துவிடுமா? வேறு எதுவுமே வேண்டாமா?

ஆய்வகப்பூனை

உட்கார்ந்துவிடும். போலியோவின் மரபுப்பொருள் சுமார் 7,500 எழுத்து நீளமுள்ள ஒரே ஆர்.என்.ஏ. இழை (எழுத்து என்று நான் சொல்வது இழையில் கோத்திருக்கும் ஒவ்வொரு நியூக்ளியோடைடையும்). ரைபோசோம் அதை ஒரே மூச்சில் படித்து ஒரே நீளப் புரதமாகச் செய்துவிடும். அந்தப் புரதத்திலேயே கத்தரிக்கோல் வேலை செய்யும் பகுதிகள் இருக்கின்றன. அவை தம்மையும் மற்றவற்றையும் வெட்டித் தனித்தனிப் புரதங்களாக்கும். அப்படி வெட்டி வருவதில் ஒன்று, ஆர்.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் பாலிமரேஸ். அது கூட்டலைப் பார்த்துக் கழித்தல் எழுதும், அந்தக் கழித்தலை அச்சாக வைத்துக் கூட்டல்களை எழுதிக் குவிக்கும்.

இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். ரேபிஸ் வைரஸிடம் இருப்பது கழித்தல் ஆர்.என்.ஏ. உள்ளே போனதும் அதற்கு என்ன சிக்கல்?

பின்வரிசை

ரைபோசோம் படிக்காது. முதலில் கூட்டலாக மாற்ற வேண்டும். மாற்ற அந்தப் பாலிமரேஸ் வேண்டும். பாலிமரேஸ் புரதம், அதைச் செய்ய ரைபோசோம் வேண்டும்... ரைபோசோம் கழித்தலைப் படிக்காது. கோழியா முட்டையா கதை ஆகிறதே. செல்லிடமே அந்த நொதி இருக்குமோ?

ஆய்வகப்பூனை

செல்லில் இந்த வேலைக்கு ஆகிற நொதி இல்லை. நம் செல்கள் டி.என்.ஏ.வைப் பார்த்துத்தான் ஆர்.என்.ஏ. எழுதும். ஆகவே ஒரே வழி: பாலிமரேஸை வைரஸே மூட்டை கட்டிக் கூடவே எடுத்து வர வேண்டும். ரேபிஸ், தட்டம்மை, இன்ஃப்ளூயன்சா, எபோலா என்று ஐந்தாம் வகுப்பில் எதை எடுத்தாலும், துகளுக்குள்ளேயே பாலிமரேஸ் தயாராக உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் மூன்றும் ஐந்தும் குழம்புகிறது என்றீர்கள். மூன்றாம் வகுப்புக்கும் இதே தலைவலிதான். ரோட்டாவைரஸிடம் இரட்டை இழை ஆர்.என்.ஏ. 11 துண்டுகளாக இருக்கிறது. இரட்டையாக முறுக்கிக் கிடப்பதை ரைபோசோம் படிக்காது. போதாக்குறைக்கு, நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. செல்லுக்குள் கண்ணில் பட்டால் செல் உடனே அபாய மணி அடித்துவிடும். அதனால் ரோட்டா என்ன செய்கிறது தெரியுமா? மூன்று அடுக்கு உறையில் வெளியடுக்கை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதைத் திறக்கவே திறக்காது. உள்ளேயே உட்கார்ந்து தூது ஆர்.என்.ஏ. எழுதி, முனைகளில் இருக்கும் ஓட்டைகள் வழியே வெளியே தள்ளும். எனக்கு வைரஸ்களிலேயே பிடித்த காட்சி இதுதான்.

சொல்வேட்டை

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். ‘நச்சுயிரி’, ‘தீநுண்மி’ என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் இருக்கும்போது எல்லோரும் வைரஸ் வைரஸ் என்றே எழுதுகிறீர்களே?

வாத்தியார்_ஓய்வில்

‘நச்சுயிரி’ என்றால் அதிலேயே ‘உயிரி’ வந்துவிடுகிறது, உயிரா இல்லையா என்ற வழக்கை வாதம் கேட்காமலே தீர்த்த மாதிரி. தீநுண்மி அந்த வகையில் மேல். ஆனால் தீங்கே செய்யாத வைரஸ்களும் ஏராளம், அவற்றை என்ன சொல்ல? லத்தீனில் வைரஸ் என்றாலும் நஞ்சு என்றுதான் பொருள். எனவே எந்தச் சொல்லை எடுத்தாலும் பழிச்சொல்தான். நான் வகுப்பில் மூன்றையும் சொல்வேன், கரும்பலகையில் வைரஸ் என்று எழுதுவேன்.

ஏன்எதற்கு

உயிரா இல்லையா என்று பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். 1935-இல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கினார். உப்பு மாதிரி படிகமாகிற ஒன்றை உயிர் என்று எப்படிச் சொல்வது? எனக்கு இது வேதிப்பொருள்தான். அவருக்கு 1946-இல் நோபல் கொடுத்ததும் வேதியியலுக்குத்தான், மருத்துவத்துக்கு அல்ல.

மிமி

நல்ல வாதம். ஆனால் அவர் அதைச் சுத்தமான புரதம் என்று நினைத்தார். அதில் ஆர்.என்.ஏ. இருப்பதை அடுத்த ஆண்டே பாடன், பிரி என்ற இருவர் காட்டினார்கள். புரதத்தைத் தனியே படிகமாக்கினால் அது செத்த மூட்டை. ஆர்.என்.ஏ. இருப்பதால்தான் இலையில் தேய்த்தால் மறுபடி நோய் வருகிறது. அப்புறம், நீங்கள் படம் பிடிக்கிற அந்தத் துகளைத்தான் வைரஸ் என்று நினைத்துக்கொண்டு உயிரா என்று கேட்கிறீர்கள். விதையைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது வளரவே இல்லையே’ என்பது மாதிரி. செல்லுக்குள் போய்ப் பாருங்கள், அது செய்கிற வேலையை.

ஏன்எதற்கு

விதை தானே முளைக்கும். வைரஸ் முளைக்குமா? அடுத்தவர் வீட்டைப் பிடுங்கிக்கொண்டுதானே...

நெறியாளர்

இந்த வாதத்துக்கென்று ஏற்கெனவே ஒரு தனி விவாத இழை இருக்கிறது, அது இன்னும் முடியவில்லை, முடியப்போவதும் இல்லை. இங்கே அமைப்பும் வகைப்பாடும் பெருக்கமும் மட்டும்.

பின்வரிசை

நன்றி நெறியாளரே. என் இன்னொரு கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. உருவத்தை வைத்து ஏன் பிரிக்கவில்லை?

வாத்தியார்_ஓய்வில்

இதை நான் எடுத்துக்கொள்கிறேன். சொல்ல ஆசைப்படுகிற இடம்.

உருவம் அவ்வளவாக உதவாததற்குக் காரணம், வைரஸ்களுக்கு உருவத்தில் தேர்வு மிகக் குறைவு. ஏன் குறைவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, கையால் போட்டுப் பாருங்கள்.

புகையிலைத் தேமல் வைரஸின் உறைப்புரதம் 158 அமினோ அமிலங்கள் கொண்டது. ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து. அப்படியானால் அந்தப் புரதத்தை எழுதிவைக்க 474 எழுத்து ஆகிறது. ஆனால் அந்தப் புரதம் போர்த்துகிற ஆர்.என்.ஏ. எவ்வளவு? மூன்றே மூன்று எழுத்து. ஒரு புரதத்தால் தன் குறிப்பையே போர்த்த முடியாது! ஆகவே முழு ஆர்.என்.ஏ.வையும் மூட ஒரே வழி, ஒரே அச்சுச் செங்கல்லைத் திரும்பத் திரும்ப அடுக்குவது. இந்த வைரஸில் 2,130 செங்கற்கள். மூன்றால் பெருக்குங்கள், 6,390. அதன் ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 6,400 எழுத்து. கணக்கு அப்படியே உட்காருகிறதா?

ஒரே மாதிரிச் செங்கல்லை, ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்? ஒன்று, திருகுப் படிக்கட்டு மாதிரி சுருண்டு ஏறும் குழல். இன்னொன்று, மூடிய கூடு. சின்ன வைரஸ்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கிரிக்கும் வாட்சனும் 1956-இல் எழுதினார்கள். மூடிய கூட்டில் எல்லாச் செங்கல்லும் சரிசமமான இடத்தில் உட்கார வேண்டுமானால், அதிகபட்சம் 60 செங்கல்தான் வைக்க முடியும். அந்தக் கூடு இருபதுமுகியின் சமச்சீர் கொண்டது: 20 முக்கோண முகம், 12 முனை. ஆனால் 60 செங்கல் கூட்டில் இடம் குறைவு. பெரிய மரபுப்பொருள் கொள்ளாது. அதற்குக் காஸ்பரும் குளுக்கும் 1962-இல் வழி சொன்னார்கள். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் 60, 180, 240, 420 என்று சில குறிப்பிட்ட மடங்குகளில் பெரிதாக்கலாம். கால்பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அறுகோணங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஐங்கோணங்கள் மட்டும் 12-க்கு மேலும் போகாது, கீழும் வராது.

இதில் வியப்பு என்னவென்றால் கொத்தனாரே இல்லை. 1955-இல் ஃப்ரேங்கல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் புகையிலைத் தேமல் வைரஸைப் புரதமாகவும் ஆர்.என்.ஏ.வாகவும் பிரித்தார்கள். மறுபடி ஒரு குழாயில் கலந்தார்கள். தானாகவே அடுக்கிக்கொண்டு நோய் பரப்பும் துகளாக நின்றது. 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் குறுக்களவு, அச்சு மாறாமல்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: கூடு கட்டும் கணக்கு எல்லோருக்கும் ஒன்று என்பதால், ஒட்டு உறவே இல்லாத வைரஸ்கள்கூட ஒரே உருவத்தில் வந்து நிற்கும். போலியோ ஆர்.என்.ஏ. வைரஸ், அடினோ டி.என்.ஏ. வைரஸ். இரண்டும் இருபதுமுகிதான்.

மிமி

ஐயா, ஒரு சின்ன இடறல். 60, 180, 240 என்றீர்கள். பூனை அக்கா சொன்ன ரோட்டாவைரஸின் உள்ளடுக்கில் 120 பிரதி இருக்கிறதே? அந்த வாய்ப்பாட்டில் 120 வராது.

வாத்தியார்_ஓய்வில்

பிடித்துவிட்டீர். அங்கே இரண்டிரண்டாகச் சேர்ந்த 60 ஜோடிகள் என்று பார்க்க வேண்டும். ஜோடியில் இருக்கும் இரண்டும் ஒரே புரதம்தான், மடங்கிய விதம் சற்று வேறு. காஸ்பர்-குளுக் கணக்குக்கு அது ஒழுங்காக அடங்காது. கணக்கைக் கேட்டுக்கொண்டு வைரஸ் கூடு கட்டுவதில்லை.

சொல்வேட்டை

நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன், சொல்லைப் பற்றி அல்ல. சோப்பு போட்டால் கொரோனா போய்விடும் என்றார்கள். ஆனால் வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்குக் கை சுத்திகரிப்பான் அவ்வளவாக ஆகாது என்று படித்தேன். இரண்டும் வைரஸ்தானே?

ஆய்வகப்பூனை

வாத்தியார் சொன்ன புரதக் கூட்டுக்கு வெளியே சில வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை ஒன்று உண்டு. கொரோனா, இன்ஃப்ளூயன்சா, ஹெச்.ஐ.வி., டெங்கு எல்லாம் அப்படி. அந்தக் கொழுப்பு வைரஸின் சொந்தச் சரக்கு இல்லை, செல்லின் சவ்விலிருந்து கிழித்துப் போர்த்திக்கொண்டது. தன் புரதங்களை மட்டும் அதில் குத்தி வைத்திருக்கும். சோப்பும் ஆல்கஹாலும் கொழுப்பைக் கலைத்துவிடும். மேலுறை போனால் செல்லைப் பற்றும் கைகளும் போயின.

நோரோ, போலியோ, அடினோ, ரோட்டா எல்லாம் மேலுறை இல்லாதவை. வெறும் புரதக் கூடு, ஆனால் கெட்டியான கூடு. வயிற்று அமிலத்தையே தாண்டுகிற ஜாதிக்கு ஆல்கஹால் எம்மாத்திரம்? அதற்குச் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொல்வதற்கு அல்ல, வழித்து ஓட விட. கூடுதல் போர்வை இருப்பதுதான் பலம் என்று தோன்றும். இங்கே போர்வைதான் பலவீனம்.

பின்வரிசை

சரி, இப்போது பெருக்கம். பாக்டீரியா மாதிரி ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி என்று பிரியாதாமே. அப்படியென்றால் துல்லியமாக என்ன நடக்கிறது?

மிமி

1939-இல் எல்லிஸும் டெல்புரூக்கும் செய்த சோதனையைப் படித்தால் இது பளிச்சென்று விளங்கும். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸைக் கலந்துவிட்டு, நேரத்துக்கு நேரம் எத்தனை வைரஸ் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தார்கள். பாக்டீரியாவாக இருந்தால் எண்ணிக்கை சரிவாக ஏறிக்கொண்டே போயிருக்கும். இங்கே கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஒரேயடியாகப் படிக்கட்டு மாதிரி மேலே தாவியது. செல் வெடித்து எல்லாம் ஒன்றாக வெளியே வந்திருக்கிறது.

பின்னாளில் இன்னும் விஷமமான வேலை செய்தார்கள். வெடிக்கும்வரை காத்திராமல் பாதியிலேயே செல்லை உடைத்துப் பார்த்தார்கள். தொடக்க நிமிடங்களில் உள்ளே ஒரு வைரஸ்கூட இல்லை! உள்ளே போன வைரஸும் காணோம். கிரகணக் கட்டம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

காரணம், வைரஸ் உள்ளே போனதும் தன்னைப் பிரித்துப் போட்டுவிடுகிறது. உறை தனி, மரபுப்பொருள் தனி. வளர்வதும் இல்லை, பிளப்பதும் இல்லை. உதிரி பாகங்கள் தனித்தனியே ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டுக் கடைசியில் பூட்டப்படுகின்றன. டி4 ஃபேஜுக்கு இந்த முழுச் சுற்றும் அரை மணி நேரத்துக்குள் முடியும், செல்லுக்கு நூற்றுக்கும் மேல் வெளியே வரும்.

உறை வெறும் உறைதான், விஷயம் உள்ளே இருப்பது என்பதை 1952-இல் ஹெர்ஷியும் சேஸும் காட்டினார்கள். டி.என்.ஏ.வில் கதிரியக்கப் பாஸ்பரஸ், புரதத்தில் கதிரியக்கக் கந்தகம். ஃபேஜ் ஒட்டிக்கொண்ட பிறகு மிக்சியில் போட்டு ஒரு சுற்று. புரதத்தில் பெரும்பகுதி உதிர்ந்து வெளியே, டி.என்.ஏ. பெரும்பாலும் செல்லுக்குள்ளே.

ஏன்எதற்கு

மிக்சியா? ஆராய்ச்சிக் கட்டுரையில்?

மிமி

கட்டுரையில் அப்படித்தான் இருக்கிறது, வாரிங் பிளெண்டர்.

பின்வரிசை

இப்போது ஆறும் ஏழும். ஹெச்.ஐ.வி. கூட்டல் ஆர்.என்.ஏ. தானே? அப்படியானால் போலியோவோடு நான்காம் வகுப்பில் போட வேண்டியதுதானே?

ஆய்வகப்பூனை

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

ஹெச்.ஐ.வி.யின் ஆர்.என்.ஏ. கூட்டல்தான். ஆனால் உள்ளே போனதும் அது ரைபோசோமிடம் போவதில்லை. முதலில் டி.என்.ஏ.வாக மாறுகிறது. அந்த டி.என்.ஏ. நம் குரோமோசோமுக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. பிறகு நம் செல்லே அதைத் தன் மரபணு என்று நினைத்துத் தூது ஆர்.என்.ஏ. எழுதிக் கொடுக்கிறது. பாதை வேறு, எனவே வகுப்பு வேறு.

இதைக் கண்டுபிடித்த கதை வகைப்பாட்டோடு பின்னிக் கிடக்கிறது. 1970-இல் பால்டிமோர், ஆலிஸ் ஹுவாங், ஸ்டாம்ப்ஃபர் மூவரும் கால்நடைகளுக்கு வாயில் கொப்புளம் தரும் ஒரு வைரஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேபிஸின் உறவுக்காரர், கழித்தல் ஆர்.என்.ஏ. அதன் துகளுக்குள்ளேயே பாலிமரேஸ் இருப்பதைக் கண்டார்கள். உடனே பால்டிமோருக்கு ஒரு யோசனை: அப்படியானால் புற்றுநோய் உண்டாக்கும் ஆர்.என்.ஏ. வைரஸ்களும் தங்களுக்கு வேண்டிய நொதியைத் துகளுக்குள் மூட்டை கட்டி வைத்திருக்குமோ? பார்த்தார். இருந்தது. ஆனால் அது வழக்கத்துக்குத் தலைகீழாக ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதியது. ஹோவர்ட் டெமின் வெகு காலமாக ஏளனத்துக்கு ஆளாகியும் சொல்லிவந்தது அதுதான். அவரும் தனியே அதே நொதியைக் கண்டிருந்தார். இருவரின் கட்டுரைகளும் ‘நேச்சர்’ இதழில் ஒன்றாக வந்தன. 1975-இல் டல்பெக்கோவுடன் சேர்த்து மூவருக்கும் நோபல்.

அடுத்த ஆண்டு, 1971-இல், வகைப்பாடு. அப்போது ஆறு வகுப்புகள்தான். ஏழாவது பிற்பாடு சேர்ந்தது, ஹெப்படைட்டிஸ் பி-க்காக. அது ஹெச்.ஐ.வி.யைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. துகளில் இருப்பது டி.என்.ஏ., ஆனால் பெருகும்போது ஆர்.என்.ஏ. வழியாகப் போய்த் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவில் அதே தலைகீழ் நொதி. அதனால்தான் லாமிவுடின், டெனோஃபோவிர் போன்ற மருந்துகள் இரண்டு நோய்க்கும் வேலை செய்கின்றன. ஒன்று ஆர்.என்.ஏ. வைரஸ், ஒன்று டி.என்.ஏ. வைரஸ், இரண்டுக்கும் எப்படி ஒரே மாத்திரை என்று மேலோட்டமாகப் பார்த்தால் புரியாது. பாதையைப் பார்த்தால் புரியும்.

ஏன்எதற்கு

முதலிரண்டு வகுப்பை யாரும் கண்டுகொள்ளவே இல்லையே, பாவம்.

ஆய்வகப்பூனை

அவை கொஞ்சம் சோம்பேறிகள். டி.என்.ஏ.வைப் படித்துத் தூது ஆர்.என்.ஏ. எழுதும் சாமான்கள் செல்லின் உட்கருவிலேயே இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். ஹெர்பிஸ், அடினோ, பாப்பிலோமா எல்லாம் அப்படி. அம்மை வைரஸ் மட்டும் வீம்பு பிடித்து உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே வேலையை முடிக்கும். அதற்கு விலை, எல்லாக் கருவியையும் தானே சுமந்து வர வேண்டும். பார்வோவைரஸ் ஒற்றை இழை டி.என்.ஏ. அதை இரட்டையாக்கிக் கொடுக்கச் செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும் நேரம் வரும்வரை காத்திருக்கும். அதனால்தான் வேகமாகப் பிரியும் செல்களிலேயே அது குடியேறுகிறது.

சொல்வேட்டை

‘அம்மை வைரஸ்’ என்றால் எந்த அம்மை? தமிழில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாம் அம்மைதானே. அக்கா தங்கை மாதிரிப் பெயர் வைத்திருக்கிறோம்.

ஆய்வகப்பூனை

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், தவறு என்னுடையது. நான் சொன்னது பெரியம்மை, குரங்கம்மை குடும்பம். சின்னம்மை ஹெர்பிஸ் குடும்பம், டி.என்.ஏ.தான், ஆனால் உட்கருவில் வேலை. தட்டம்மை ஐந்தாம் வகுப்பு, கழித்தல் ஆர்.என்.ஏ. ருபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மை நான்காம் வகுப்பு, கூட்டல். பெயரில் மட்டும்தான் ஒரே குடும்பம். தோலில் தெரிவதை வைத்து நாம் பெயர் வைத்தோம், வைரஸுக்கு அது தெரியாது.

வாத்தியார்_ஓய்வில்

ஹெப்படைட்டிஸும் இதே கூத்துதான். ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து, ஒன்றுக்கொன்று உறவில்லை. சி எந்தக் குடும்பம் தெரியுமா? டெங்குவின் குடும்பம். டி இன்னும் வேடிக்கை: சொந்தமாக மேலுறைப் புரதம் இல்லாமல், பி-யின் புரதத்தை இரவல் வாங்கித்தான் வெளியே வரும். பி இல்லாத உடம்பில் டி-யால் பரவ முடியாது.

மிமி

இதோடு இன்னொன்றையும் தெளிவாக்கிவிடலாம். பால்டிமோர் வகுப்புகள் வம்சாவளி இல்லை. வம்சாவளியைப் பார்ப்பது பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு, 1966-இல் தொடங்கியது. பேரினம், குடும்பம், வரிசை என்று மேலே மேலே போய் இப்போது ‘ரெல்ம்’ வரை 15 படிநிலை வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா வைரஸையும் ஒரே மரத்தில் தொங்கவிட அவர்களாலும் முடியவில்லை. செல்லுள்ள உயிர்கள் அத்தனைக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. பொது, அதை ஒப்பிட்டு மரம் வரையலாம். வைரஸ்களுக்கு அப்படி எல்லோருக்கும் பொதுவான ஒரு மரபணுகூட இல்லை. அதனால் மரம் இல்லை, தோப்பு. ‘ரிபோவிரியா’ என்ற ஒரே ரெல்முக்குள் பால்டிமோரின் மூன்று முதல் ஏழுவரை வகுப்புகள் ஏறக்குறைய முழுதாக அடங்கிவிடுகின்றன. டி.என்.ஏ. வைரஸ்களோ பல ரெல்ம்களில் சிதறிக் கிடக்கின்றன.

என் புனைபெயருக்கும் இதில் பங்கு உண்டு. மிமிவைரஸை 1992-இல் ஒரு குளிரூட்டுக் கோபுரத்துத் தண்ணீரில் அமீபாவுக்குள் பார்த்தவர்கள் பாக்டீரியா என்றே நினைத்தார்கள். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிகிற அளவு பெரிது. வைரஸ் என்று 2003-இல்தான் அறிவித்தார்கள். சுமார் 12 லட்சம் எழுத்து மரபுப்பொருள். அதற்கும் ரைபோசோம் கிடையாது.

ஏன்எதற்கு

ரைபோசோமே கிடையாது என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறீர்கள். லாஸ்ஸா காய்ச்சல் தரும் அரினாவைரஸ் துகளுக்குள் ரைபோசோம் மணல் மணலாகத் தெரியும் என்று படித்தேனே. அரினா என்ற பெயரே மணலிலிருந்து வந்ததாமே?

ஆய்வகப்பூனை

ஆமாம், உண்மை. ஆனால் அவை செல்லின் ரைபோசோம்கள், வெளியே வரும்போது சேர்ந்து அள்ளிக்கொண்டு வந்தவை. வைரஸ் செய்தவை அல்ல. அதனால்தான் முதலிலேயே ‘சொந்தமாக’ என்று எழுதினேன். (தப்பித்தேன்.)

பின்வரிசைத் தம்பி, தேர்வுக்கு முன் ஒரு கேள்வி. போலியோ, இன்ஃப்ளூயன்சா, ஹெச்.ஐ.வி. மூன்றிலிருந்தும் உறை, புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் ஆர்.என்.ஏ.வை மட்டும் செல்லுக்குள் செலுத்துகிறேன். எதிலிருந்து புதிய வைரஸ்கள் வரும்? அட்டவணையைப் பார்க்காமல்.

பின்வரிசை

போலியோ வரும். கூட்டல், ரைபோசோம் நேரே படிக்கும், பாலிமரேஸ் தானே கிடைக்கும். இன்ஃப்ளூயன்சா வராது. எட்டுத் துண்டும் கழித்தல், பாலிமரேஸைப் பிடுங்கிவிட்டீர்கள், எனவே ஊமை. ஹெச்.ஐ.வி. கூட்டலாக இருந்தாலும் வராது, தலைகீழ் நொதியும் துகளோடு வர வேண்டியது. கொரோனாவையும் நானே சேர்த்துச் சொல்கிறேன்: நான்காம் வகுப்பு, ஆகவே வெறும் ஆர்.என்.ஏ. போதும், வரும். சுமார் 30,000 எழுத்து என்பதால் உடையாமல் செலுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றும் ஐந்தும் இனி மாறாது. இரண்டும் மூட்டையோடு வருகிறவை. ஒன்று மூட்டையைத் திறக்காது.

ஆய்வகப்பூனை

நான்கும் சரி. கொரோனாவில் மட்டும் ஒரு கொசுறு. வெறும் ஆர்.என்.ஏ. போதும்தான், ஆனால் ஆய்வகத்தில் அதோடு ‘என்’ புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வையும் சேர்த்துச் செலுத்தினால் விளைச்சல் நன்றாக இருக்கிறது.

ஏன்எதற்கு

உங்கள் புரதமா?

ஆய்வகப்பூனை

எழுத்து ‘என்’ ஐயா. ஆர்.என்.ஏ.வைச் சுற்றிக்கொண்டிருக்கும் புரதத்தின் பெயர்.